மூலை அறை யாருக்கு? துறைக்குள் மூண்ட பகைக்கு ஒரு பதில்

வாசகர் கடிதத்தின் சுருக்கம் (எழுதியவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்):

எழுதியிருப்பவர் ஓர் இணைப் பேராசிரியர். ஒரே துறையில் 17 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். அவருடைய இப்போதைய அறைக்குச் சன்னல் கிடையாது. சுவருக்கு மறுபக்கம் துறையின் ஜெராக்ஸ் இயந்திரம் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே தளத்தில், லிஃப்டுக்கு அருகில் ஒரு மூலை அறை இருக்கிறது. இரண்டு பக்கமும் சன்னல்கள், சுவர் நிறையப் புத்தக அலமாரிகள், ஆய்வு மாணவர்கள் உட்கார ஒட்டினாற்போல் ஒரு சிற்றறை. அதில் நெடுங்காலம் இருந்த மூத்த பேராசிரியர், "எனக்கு அப்புறம் இந்த ரூம் உங்களுக்குத்தான்" என்று இவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய பணிநிறைவு விழா முடிந்த மறுநாளே, இவருடைய சக ஆசிரியர் ஒருவர் அலுவலகத்தில் சாவியை வாங்கித் தம் புத்தகங்களை அங்கே கொண்டுபோய் அடுக்கிப் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டார். இருவரும் ஒரே நெறியாளரிடம் ஆய்வு செய்தவர்கள். ஒரு காலத்தில் நெருங்கிய நண்பர்கள். சக ஆசிரியர் ஓராண்டு பிந்திப் பணியில் சேர்ந்தவர், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேராசிரியராகப் பதவி உயர்வு பெற்றுவிட்டார்.

துறைத்தலைவரிடம் முறையிட்டபோது, கல்வி நிலையங்களில்தான் சின்ன விஷயத்துக்குப் பெரிய சண்டை நடக்கும் என்று சிரித்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வாசகர் சக ஆசிரியரோடு பேசுவதில்லை. அவர் அறைக்கு எப்போது வருகிறார், எப்போது பூட்டிக்கொண்டு போகிறார் என்று ஒரு நோட்டில் குறித்துவருகிறார். பூட்டிய கதவைப் புகைப்படமும் எடுத்து வைத்திருக்கிறார். மூட்டுவலி இருப்பதால் லிஃப்டுக்கு அருகில் அறை வேண்டும் என்று சக ஆசிரியர் சொல்வது வெறும் நாடகம் என்பது இவருடைய எண்ணம். சக ஆசிரியரிடம் ஆய்வு செய்யும் ஒரு மாணவியின் ஆய்வுக்குழுவில் இவர் உறுப்பினர். அம்மாணவியின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லாமல் இரண்டு மாதங்களாக நிறுத்தி வைத்திருக்கிறார். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு உறக்கம் இல்லை என்கிறார். அவர் கேட்பவை நான்கு: பணிமூப்பின்படி அறை தமக்கு உரியதல்லவா? மூத்தவர் கொடுத்த வாக்குக்கு மதிப்பில்லையா? ஆதாரங்களை இணைத்து, தம் பெயரைக் குறிப்பிட்டோ குறிப்பிடாமலோ மேலிடத்துக்குப் புகார் அனுப்பலாமா? இல்லை, மாற்றல் கேட்டுப் போய்விடலாமா?

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் 'இது அற்ப விஷயம்தான், தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மன்னிப்பு தேவையில்லை. பணியிடத்தில் ஒருவருக்கு எந்த அறை தரப்படுகிறது என்பது அவருக்குத் தரப்படும் மதிப்பின் அளவாக எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. அதை மனம் கணக்கில் எடுக்கத்தான் செய்யும். ஜெரால்டு கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நேரடியாகச் சோதித்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அறைகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது, ஊழியர்கள் தற்காலிகமாக வேறு அறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். தம் பதவிக்கு மேலானவர்களின் அறையில் அமர்த்தப்பட்டவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேலை செய்தார்கள். கீழானவர்களின் அறைக்கு அனுப்பப்பட்டவர்களின் வேலை குறைந்தது. சம்பளத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அறையையே ஒரு ஊதியமாக அவர்களுடைய மனம் எடுத்துக்கொண்டது என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது.

உங்கள் துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே சொன்ன கருத்து, வாலஸ் சேயர் என்ற அமெரிக்க அரசியல் அறிவியல் பேராசிரியர் சொன்னதாக வழங்கிவருவது: கல்வித்துறை அரசியல் அவ்வளவு கசப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் கிடைக்கக்கூடியது அவ்வளவு சிறியதாக இருப்பதே என்பார்கள். நான் இதை ஏற்பதில்லை. கல்விப் பணியில் ஊதியம் ஒரு நிலையான அட்டவணைப்படி வருகிறது. பதவி உயர்வுகள் மிகச் சில. எழுதிய கட்டுரைக்கு அங்கீகாரம் கிடைக்க ஆண்டுகள் ஆகின்றன. 'உங்கள் உழைப்பை நாங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறோம்' என்று நிறுவனம் ஒருவருக்குச் சொல்வதற்கு வழிகள் குறைவாக இருக்கும் இடத்தில், அறையும் பெயர்ப்பலகையும் அந்தச் செய்தியைச் சுமக்கின்றன. ஒரு துறைத்தலைவர் இதைப் புரிந்துகொண்டு பேசியிருக்க வேண்டும். அவர் சிரித்ததும் உங்களுக்கு நேர்ந்த காயத்தில் ஒரு பகுதிதான்.

ஆனால், உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று என் கண்ணில் பட்டது. அந்த அறையைப் பற்றி நான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறீர்கள். நண்பர் பேராசிரியரானதைப் பற்றி ஒரே ஒரு வரி. அதற்கு அடுத்த வரியிலேயே மறுபடியும் சன்னலுக்குப் போய்விடுகிறீர்கள். பதவி உயர்வுக்கு நீங்களும் விண்ணப்பித்தீர்களா, விண்ணப்பித்திருந்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. ஒருவேளை உங்களிடமும் யாரும் சொல்லவில்லையோ என்னவோ.

மனிதர்கள் தம்மை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று 1954-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதிய கோட்பாடு ஒன்று உண்டு. நம்மிடமிருந்து வெகுதூரத்தில் இருப்பவர்களோடு நாம் ஒப்பிடுவது குறைவு. நமக்கு இணையாக இருப்பவர்களோடுதான் நம்மை எடை போட்டுக்கொள்கிறோம். ஒரே நெறியாளர், ஒரே துறை, ஓராண்டு வித்தியாசத்தில் பணியில் சேர்ந்த நண்பர் என்றால், அவரைவிட நெருங்கிய இணை உங்களுக்கு வேறு யார்? வெளியிலிருந்து யாரோ ஒரு புதிய பேராசிரியர் வந்து அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும்; மூன்று மணிக்கு விழிப்பு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பதவி உயர்வு நடந்தபோது நீங்கள் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. வாழ்த்துச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் இன்று இந்த அறையின் பெயரால் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் கணிப்பு தவறாக இருக்கலாம். நீங்கள்தான் சொல்ல வேண்டும். சரியாக இருக்குமானால், அந்த அறை நாளையே உங்கள் கைக்கு வந்தாலும் மனத்தில் இருக்கும் கேள்விக்கு அது பதிலாகாது.

முதலில் அந்த மாணவி

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இதில் நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. இந்த விவகாரத்தில் சாவியை வாங்கியவர் செய்தது முறைகேடாக இருக்கலாம், துறைத்தலைவர் செய்தது அலட்சியமாக இருக்கலாம். ஆனால் இதுவரை யாருடைய வாழ்க்கையிலாவது உண்மையான சேதம் நடந்திருக்கிறது என்றால், அது அந்த மாணவியின் வாழ்க்கையில்தான். அதை நடத்திக்கொண்டிருப்பவர் நீங்கள். 'அவர் வழிக்கு வந்தால் நானும் படித்துக் கொடுப்பேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வழிக்கு வர வேண்டும் என்பதற்காக அந்தப் பெண் தன் உதவித்தொகைக் காலத்தையும், அடுத்த வேலைக்கான வாய்ப்பையும், ஏன், தன் எழுத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையையும் இழக்கலாம். தன் வரைவில் என்ன பிழை என்று தெரியாமல் இரண்டு மாதம் காத்திருக்கும் ஆய்வு மாணவருக்கு, அறைத் தகராறு நினைவுக்கு வராது. தன் ஆய்வு தகுதியற்றது என்றுதான் தோன்றும். நீங்களும் ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர்.

எனவே இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். வரைவை நேர்மையாகப் படித்துக் கருத்துச் சொல்ல உங்களால் முடியும் என்றால், இந்த வாரத்துக்குள் படித்து, தாமதத்துக்கு மாணவியிடம் நேரில் வருத்தம் தெரிவித்து, எழுத்தில் கருத்துகளைக் கொடுங்கள். நெறியாளர் மேல் இருக்கும் கோபம் பேனாவில் இறங்கிவிடும் என்று தோன்றினால், ஆய்வுக்குழுவிலிருந்து விலகிக்கொள்ள அனுமதி கேட்டுத் துறைத்தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். 'நெறியாளருக்கும் எனக்கும் இடையே நிர்வாகம் சார்ந்த ஒரு கருத்து வேறுபாடு நிலுவையில் இருப்பதால், என் மதிப்பீடு நடுநிலையானதாக எல்லோராலும் ஏற்கப்பட வேண்டும் என்பதற்காக மாற்று உறுப்பினரை நியமிக்க வேண்டுகிறேன்' என்ற அளவில் இருந்தால் போதும். அதில் அறையைப் பற்றிய குறிப்பு வேண்டாம். மாற்று உறுப்பினர் வரும்வரை மாணவியின் வேலை நிற்கக் கூடாது என்ற வரியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நலனுக்காகவும் இதைச் சொல்ல வேண்டும். மாணவி புகார் கொடுத்தாலோ, நெறியாளர் அந்த இரண்டு மாத மின்னஞ்சல்களை எடுத்து வைத்தாலோ, அறை ஒதுக்கீட்டில் உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை அதன் பிறகு ஒருவரும் காதில் வாங்கமாட்டார்கள். அறையைப் பிடித்தவர் மேல் ஒரு விளக்கம் கேட்கப்படலாம்; மாணவரைப் பழிவாங்கியவர் மேல் ஒழுங்கு நடவடிக்கையே வரலாம்.

உரிமை என்று நீங்கள் கருதுபவை

மூத்த பேராசிரியரின் வாக்கை எடுத்துக்கொள்வோம். அவர் உங்கள் மேல் கொண்ட அன்பினால் அதைச் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அறை அவருடையது அல்ல. நிறுவனத்தின் கட்டடத்தில், அவர் பணியில் இருக்கும்வரை பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்த இடம். பயன்படுத்தும் அனுமதி பெற்றவர் அதை இன்னொருவருக்கு எழுதிவைக்க முடியாது. ஒதுக்கும் அதிகாரம் துறைத்தலைவரிடமோ, கட்டட நிர்வாகத்திடமோ, ஒரு குழுவிடமோ இருக்கும். எனவே அந்த வாக்கை உங்கள் மனுவின் அடித்தளமாக வைக்காதீர்கள். அவரைச் சாட்சிக்கு இழுக்கவும் வேண்டாம். ஓய்வுக்குப் பிந்தைய முதல் மாதங்களில் தம் பழைய அறையை வைத்து இரண்டு சீடர்கள் மோதுகிறார்கள் என்று கேட்பது அவருக்குத் துன்பமாகத்தான் இருக்கும். ஒருவேளை அதே வாக்கை அவர் இன்னொருவரிடமும் சொல்லியிருக்கக்கூடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். விடைபெறும் காலத்தில் மனிதர்கள் இப்படிப் பேசுவது உண்டு.

பணிமூப்பு விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கல் அதிகம். பணியில் சேர்ந்த நாளைக் கணக்கிட்டால் நீங்கள் மூத்தவர். பதவியைக் கணக்கிட்டால் அவர் மூத்தவர். எந்தக் கணக்கைப் பின்பற்றுவது என்று நிறுவனத்தில் எழுதிவைத்த விதி இருந்தால் அதுவே முடிவு. விதி இல்லையென்றால், பணிமூப்பு ஒரு நியாயமான வாதம் மட்டுமே, உரிமை ஆகாது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஏமாற்றம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். அதே அளவுகோலை அவருக்கும் வையுங்கள்: சாவியைக் கையில் வைத்திருப்பதும் உரிமை ஆகாது. அலுவலகத்தில் ஒருவர் சாவியை எடுத்துக் கொடுத்தது ஒதுக்கீட்டு ஆணை அல்ல. எழுத்தில் ஆணை இல்லாதவரை அந்த அறை இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாத அறைதான். உங்கள் நிலை நீங்கள் அஞ்சுவதைப் போலப் பலவீனமானதும் அல்ல.

மூட்டுவலியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். வலி உண்டா இல்லையா என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. ஒருவர் மாடிப்படியில் ஒரு நாள் ஏறிப்போனதைப் பார்த்தது அதற்குச் சான்று ஆகாது. மூட்டுவலி நாளுக்கு நாள் கூடியும் குறைந்தும் வரக்கூடியது. உடல்நிலை சார்ந்த தேவை என்று ஒருவர் மருத்துவச் சான்றோடு கேட்டால், அது பணிமூப்போடு போட்டியிடும் கோரிக்கை அல்ல. அதைத் தனியாக, அதற்கு முன்னதாகவே பரிசீலிப்பதுதான் முறை. சான்றைக் கேட்டுப் பார்ப்பது நிர்வாகத்தின் வேலை. அந்தக் காரணம் உண்மை என்று ஆனால், ஒதுக்கீடு அவர் பக்கம் போவதை நீங்கள் மனமார ஏற்க வேண்டியிருக்கும். லிஃப்டுக்கு அருகில் வேறு அறையும் அவருக்குப் பொருந்துமா என்று கேட்பதில் மட்டும் தவறில்லை.

புகாரும் நோட்டும்

பெயர் போடாத புகாரை வேண்டவே வேண்டாம் என்பேன். ஒரு துறையில் மொட்டைக் கடிதம் வந்தால் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகாது. அதிலும், ஒரே ஓர் அறையைப் பற்றி, ஒரே ஒருவரை எதிர்த்து எழுதிய கடிதம் என்றால் முகவரியே தேவையில்லை. நிர்வாகம் அதைக் குப்பையில் போடலாம். போடாவிட்டால், கடிதத்தின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு எழுதியவரைத் தேடும். அதற்குப் பிறகு நீங்கள் பெயர் போட்டுக் கொடுக்கும் நியாயமான மனுவுக்கும் அந்த நிழல் படியும்.

அந்த நோட்டை நிறுத்துங்கள். ஒருவர் வருவதையும் போவதையும் நாள்தோறும் குறித்துவைப்பதும், அவருடைய கதவைப் படம் எடுப்பதும், உங்களுக்கு ஆதாரம் சேகரிப்பதாகத் தெரிகிறது. விசாரணைக்குழுவில் உட்காரும் மூன்றாமவருக்கு அது ஒருவரைக் கண்காணித்ததாகத் தெரியும். புகார் கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டியவராக மாறிவிடுவார். மேலும், அந்தக் குறிப்புகளால் நிரூபிக்கப்படுவது என்ன? அவர் மாலையில் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார் என்பதுதானே? அதற்கும் ஒதுக்கீட்டுக்கும் தொடர்பில்லை. உங்களுக்குத் தேவையான ஆவணங்கள் வேறு: ஒதுக்கீடு பற்றிய விதியோ சுற்றறிக்கையோ இருந்தால் அதன் நகல், நீங்கள் துறைத்தலைவரிடம் வாய்மொழியாக முறையிட்ட நாள், இனி எழுத்தில் கொடுக்கப்போகும் மனுவும் அதற்கு வரும் பதிலும். அந்த நோட்டு உங்களுக்குச் செய்யும் இன்னொரு கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். பகலில் பத்து முறை ஒரு கதவைக் கவனித்தால், இரவு மூன்று மணிக்கு மனம் அந்தக் கதவுக்குத்தான் போகும். நோட்டை மூடிய பிறகும் சில வாரங்களுக்கு உறக்கம் சீராகவில்லை என்றால் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அதை இந்தத் தகராறு தீரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

'அந்த அறையை எனக்குத் தாருங்கள்' என்று நீங்கள் கேட்டால், நிர்வாகத்தின் கண்ணுக்கு இரண்டு பேர் ஓர் அறைக்குச் சண்டை போடுகிறார்கள். 'காலியாகும் அறைகளை எப்படி ஒதுக்குவது என்று ஒரு முறையை எழுத்தில் வகுத்து, அதன்படி இந்த அறையையும் தீர்மானியுங்கள்' என்று கேட்டால், துறையில் இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் பேசுகிறீர்கள். அதிலும், சன்னலில்லாத அறைகளில் இருக்கும் இளைய உதவிப் பேராசிரியர்கள் யாரும் வாய் திறக்க முடியாத இடத்தில், 17 ஆண்டு அனுபவம் உள்ளவர் பேசினால் அதற்கு ஒரு கனம் உண்டு. ஒரு முறை நியாயமானது என்று மனிதர்கள் எப்போது ஏற்கிறார்கள் என்பதற்கு ஜெரால்டு லெவெந்தால் 1980-இல் ஆறு அளவுகோல்களைத் தொகுத்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முடிவெடுப்பவரின் சார்பு உள்ளே வரக் கூடாது. சரியான தகவலின் மேல் நிற்க வேண்டும். தவறானால் திருத்த வழி வேண்டும். பாதிக்கப்படுபவர்களின் குரல் அதில் இடம்பெற வேண்டும். அறத்துக்குப் பொருந்த வேண்டும். உங்கள் துறையில் நடந்தது இவற்றில் எத்தனையைத் தாண்டும் என்று பாருங்கள். உங்கள் மனுவை இந்த அளவுகோல்களின் மேல் கட்டலாம். ஒருவர் பெயரையும் குறிப்பிடாமலே எழுத முடியும்.

'எல்லாம் முடிந்த பிறகு கேட்டு என்ன பயன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலன் லிண்ட் முதலிய மூவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவுக்கு முன்னால் கருத்துக் கேட்கப்பட்டவர்கள் அந்த முடிவை மிகுதியும் நியாயமானதாகக் கருதினார்கள். முடிவெடுத்த பிறகு, அதை மாற்ற வழியில்லாத நிலையில் கருத்துக் கேட்கப்பட்டவர்கள்கூட, கேட்கப்படாதவர்களைவிட நியாயம் நடந்ததாக உணர்ந்தார்கள். எனவே துறைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கக் கேட்பது வீண் வேலை அல்ல.

முறை என்றால் என்ன முறை என்று கேட்பார்கள். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு போங்கள். பொருளியலாளர்கள் இதில் ஆழமாக வேலை செய்திருக்கிறார்கள். பங்குபோட முடியாத வீடுகளை ஆட்களுக்குள் மாற்றிக்கொள்வது பற்றி லாயிட் ஷேப்லியும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் 1974-இல் எழுதினார்கள். ஏற்கெனவே சிலர் குடியிருக்கும் இடத்தில் காலி அறைகளையும் சேர்த்து எப்படி ஒதுக்குவது என்று 1999-இல் அப்துல்காதிரோலுவும் சோன்மெஸும் ஒரு முறையை முன்வைத்தார்கள். எளிய வடிவில் அது இப்படிப் போகும். பணிமூப்பாலோ குலுக்கலாலோ எல்லோருக்கும் ஒரு வரிசை எண். முறை வந்தவர் தமக்குப் பிடித்த அறையைக் கேட்பார். அது காலியாக இருந்தால் அவருக்கே. அதில் இன்னும் தேர்வு செய்யாத ஒருவர் இருந்தால், அந்த ஆள் உடனே வரிசையின் முன்னுக்கு வந்து முதலில் தம் விருப்பத்தைச் சொல்வார். கேட்கும் வரிசை சுற்றி வந்து தொடங்கியவரிடமே நின்றால், அந்த வட்டத்தில் இருப்பவர்கள் தாங்கள் கேட்ட அறைகளைப் பெற்று மாறிக்கொள்வார்கள். இதனால், இப்போது இருப்பதைவிடத் தாழ்ந்த அறைக்கு ஒருவரும் தள்ளப்படமாட்டார். இருக்கும் அறை போய்விடுமோ என்று பயந்து யாரும் ஒதுங்கத் தேவையில்லை.

இதில் நீங்கள் கவனிக்காத ஒரு நன்மை இருக்கிறது. மூலை அறைக்கு யார் போனாலும் அவர் விட்டுவரும் அறை காலியாகிறது. அதற்குப் போகிறவர் விடும் அறை மூன்றாமவருக்கு. ஓர் ஓய்வினால் மூன்று, நான்கு பேருடைய நிலை மேம்படலாம். உங்கள் சக ஆசிரியர் விட்டுப்போன பழைய அறை இப்போது என்ன ஆயிற்று? அதற்குச் சன்னல் உண்டு என்று உங்கள் கடிதத்திலேயே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்று யாராவது கேட்டார்களா?

மனுவிலிருந்து பிரித்து, இன்னொரு சிறிய கோரிக்கையையும் தனியே கொடுங்கள்: ஜெராக்ஸ் இயந்திரத்தை உங்கள் சுவரிலிருந்து அகற்றி வேறிடத்தில் வைக்கவும், உங்கள் ஆய்வு மாணவர்கள் உட்கார ஓர் இடம் காட்டவும். இரண்டும் நியாயமான வேலைத் தேவைகள். இவற்றை மறுக்க யாருக்கும் காரணமில்லை. மதிப்பு சார்ந்த கோரிக்கையோடு இவற்றைக் கட்டிவைத்திருப்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக அந்தச் சத்தத்தை அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நண்பரிடம் பேசுவதும், மாற்றல் கேட்பதும்

மனுவைக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு முறை பேசுங்கள். வராந்தாவில் வேண்டாம், அந்த அறையிலும் வேண்டாம். 'அறையை எப்படித் தீர்மானிப்பது என்று ஒரு முறை கேட்டு மனு கொடுக்கப் போகிறேன், உங்கள் பெயர் அதில் இருக்காது, பிறர் வாயிலாக உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்ல நினைத்தேன்' என்று தொடங்கலாம். அவருடைய மாணவியின் வரைவை நீங்கள் தாமதித்தது தவறு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் சொல்லுங்கள். அவர் சாவி வாங்கிய நாளில் உங்களை நினைத்தாரா என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடும் என்ற தயாரிப்போடு கேளுங்கள். நட்பு திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கூட்டத்தில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்ளும் நிலை வந்தாலே துறை மூச்சு விடும்.

மாற்றலைப் பற்றிக் கடைசியாக. டேனியல் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர்களிடம், நிரந்தரப் பணி கிடைத்தால், அல்லது கிடைக்காமல் போனால், எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்று கேட்டார்கள். கிடைத்தால் பல ஆண்டுகள் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் பல ஆண்டுகள் துயரம் என்று அவர்கள் கணித்தார்கள். அந்த முடிவை ஏற்கெனவே சந்தித்து முடித்தவர்களிடம் கேட்டபோது, கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் மகிழ்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேலையே போகிற விஷயத்தில் அப்படி என்றால், அறை கிடைக்காத வருத்தம் இன்று தோன்றுவதுபோல் இனி எப்போதும் இருக்கும் என்ற கணிப்பை நம்பி 17 ஆண்டு வாழ்வை இடம் பெயர்த்துவிடாதீர்கள்.

பதவி உயர்வு முடிவில் உங்களுக்குச் சொல்லப்படாத காரணங்களை எழுத்தில் கேட்டு, அடுத்த விண்ணப்பத்துக்கு எது குறைகிறது என்று புலத்தலைவரிடம் நேரம் வாங்கிப் பேசுங்கள். அதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், இப்போதும் கேட்கலாம். ஒதுக்கீட்டு மனுவுக்கு ஒரு பதில், பதவி உயர்வு பற்றி ஒரு பதில் என இரண்டும் உங்கள் கைக்கு வந்த பிறகு, அவற்றைப் படித்துவிட்டும் அந்தத் துறையில் உங்களுக்கு இடமில்லை என்று தோன்றினால், அப்போது மாற்றல் விண்ணப்பத்தை எழுதுங்கள். அதற்குள் அந்த மாணவியின் வரைவு அவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.